சாரதா பழுக்கும் வரை

அக்டோபர் 5

கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்தது. தோட்டம் முழுக்க மொட்டைக் குச்சிகளாக நிற்கிறது. வரிசை வரிசையாகக் கல்தூண், தூணுக்குத் தூண் கம்பி, கம்பியில் கட்டிய கொடி. பந்தல் கிடையாது. "ஏத்தா தாரணி, உங்கப்பன் தோட்டத்துக்கு வேலி போட்டானா, வேலியையே தோட்டமாப் போட்டானா?" என்று பக்கத்துத் தோட்டத்து சீனிச்சாமி பெரியப்பா கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் இல்லாமல் திராட்சை வளர்ப்பதை அவர் பார்த்ததே இல்லையாம்.

இந்தக் கொடியின் பெயர் ஷார்டனே. பிரான்ஸில் பிறந்த வெள்ளைத் திராட்சை. தின்பதற்கு இல்லை, ஒயின் செய்வதற்கு. வெள்ளை ஒயின் குடிக்கிறவர்கள் உலகம் முழுவதும் இதைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று நூலகத்துக் கணினியில் படித்தேன். நட்டு இரண்டு வருடம் ஆகிறது. இந்த முறைதான் முதல் காய்ப்பு. ஒரு கம்பெனி வாங்கிக்கொள்வதாக அப்பாவிடம் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கொடி துளிர்ப்பதிலிருந்து பழுக்கும் வரை எழுதிவைக்கப் போகிறேன். ப்ளஸ் ஒன் தாவரவியலுக்கும் உதவும். எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அம்மா தோட்டத்துக்கு வரவில்லை. இங்கே முன்பு விதையில்லாத் திராட்சைப் பந்தல் இருந்தது. தாத்தா அம்மாவின் பெயருக்குக் கொடுத்த நிலம். கல்யாணமான வருடம் ஒவ்வொரு குச்சியையும் அம்மாதான் நட்டாளாம். இரண்டு வருடத்துக்கு முன்பு சித்தியின் பிரசவத்துக்காக அம்மா போடிக்குப் போயிருந்தபோது, அப்பா மெஷின் வைத்துப் பந்தலைப் பிடுங்கிவிட்டார். அம்மா திரும்பி வந்து வரப்பில் நின்று பார்த்தாள். அழவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் நேராகப் பேசுவதில்லை.

"உங்கப்பாகிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு."

"உங்கம்மாகிட்டச் சொல்லு, வந்துட்டேன்னு."

அப்பா ஐந்தடி தூரத்தில்தான் இருப்பார்.

அக்டோபர் 17

துளிர்த்துவிட்டது! பெரியப்பாவின் பன்னீர்த் திராட்சையும் அதே நாளில்தான் கவாத்தானது, அது இன்னும் தூங்குகிறது. ஷார்டனே அவசரக்காரி. சீக்கிரம் துளிர்க்கும், சீக்கிரம் பழுக்கும் என்று படித்தது சரிதான்.

பெரியப்பாவின் வாயில் பெயர் நுழையவில்லை. "சாரதா எந்திரிச்சுட்டாளா?" என்கிறார். இப்போது ஊரே அப்படித்தான் கேட்கிறது. அப்பாவுக்கே நேற்று "சாரதாவுக்குத் தண்ணி விடணும்" என்று வாயில் வந்துவிட்டது. அடுப்படியில் அம்மா சிரித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம்.

அக்டோபர் 30

இலையைப் பார்த்துக் கொடியை அடையாளம் காணும் வழி படித்தேன். இலைக்காம்பு சேருமிடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். மற்ற ஜாதிகளில் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் இலைப்பச்சை இருக்கும். ஷார்டனேயில் நரம்பே ஓரமாக, வெறுமையாக நிற்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது! யாரிடமாவது காட்ட வேண்டும் போலிருந்தது. வகுப்புக்கு ஓர் இலை கொண்டுபோனேன். "சாராயத் தோட்டத்து இலையா?" என்று பின்பெஞ்சில் கேட்டார்கள். புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது தவசி மாமா போனில் இருந்தார். அம்மாவின் அண்ணன். அம்மா கொல்லைப்பக்கம் நின்று பேசினாள். "அறுப்பு முடியட்டும்ணே. எப்படியும் இது வெளங்காது. நெலத்த நான் எழுதிக் குத்தகைக்கு விட்டுட்டு, புள்ளையக் கூட்டிக்கிட்டு அங்க வந்துர்றேன். போடில ஸ்கூல் இருக்குல்ல."

நான் நுழைந்ததும் விலைவாசி பற்றிப் பேசினாள்.

நவம்பர் 10

கம்பெனியின் நவநீதா மேடம் வந்தார். ஓசூர்ப் பக்கம். பேன்ட், தொப்பி, கையில் நோட்டு. பூ வருகிற நேரத்தில் செவட்டை என்கிற பூஞ்சை நோய் வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்று ஒரு தாள் கொடுத்தார். ஆங்கிலத்தில் இருந்தது.

மாலை முழுக்கக் கரன்ட் இல்லை. எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். "கொத்தை எந்த வளர்ச்சி மருந்திலும் முக்கக் கூடாது. மீறினால் பழத்தை வாங்க மாட்டோம்." அப்பா இதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

இந்த வரி எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இங்கே காய் மிளகு அளவு வந்ததும் ஒவ்வொரு கொத்தையும் மக்கில் கரைத்த ஜி.ஏ. என்கிற வளர்ச்சி மருந்தில் முக்கி எடுப்பார்கள். அப்போதுதான் காய் பெருக்கும். அம்மாவின் வேலையே அதுதான். ஓடைப்பட்டி வரை அம்மாவின் குழுவைத்தான் கூப்பிடுவார்கள். ஒயின் திராட்சைக்கோ காய் பெருக்கக் கூடாதாம். சின்னதாக இருந்தால்தான் சாறு கெட்டியாக இருக்குமாம்.

நவம்பர் 16

பூ. அரிசி நொய் மாதிரி. கிட்டே போனால்தான் வாசம்.

நவம்பர் 27

காய் பிடித்துவிட்டது. கொத்து என் உள்ளங்கை அளவுதான். அப்பா தினமும் காலையில் வரிசை வரிசையாகப் போய்ப் பார்க்கிறார். தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறார்.

அம்மா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே கேட்டாள். "கொத்து எம்புட்டு இருக்கு?"

காட்டினேன்.

"அவ்வளவுதானா? எல்லாமா?"

"அவ்வளவுதாம்மா வரும். அந்த ஜாதி அப்படி."

"ஜாதியாம் ஜாதி. சவலப்புள்ள மாதிரி இருக்கும்போல." இட்லி கொஞ்சம் அதிகமாக வெந்துவிட்டது.

டிசம்பர் 2

மழை. அப்பா சாப்பிடாமல் மருந்தடிக்கப் போனார். அம்மா சோற்றை மூடிவைத்தாள்.

டிசம்பர் 5

பள்ளிக்கு மழை விடுமுறை என்று மதியமே அனுப்பிவிட்டார்கள். அப்பா செவட்டைக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போயிருந்தார். மழை விட்டிருந்தது. வீடு பூட்டியிருந்தது. தோட்டத்துக்குப் போனேன்.

அம்மா இருந்தாள். மோட்டார் ரூம் பக்கத்து வரிசையில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடது கையில் மக்கு. கொத்துக்கு அடியில் மக்கைக் கொண்டுபோய், ஒரு முக்கு, ஒரு உதறு, அடுத்தது. அவ்வளவு வேகமாக, ஒரு கொத்துகூட ஆடாமல். பார்ப்பதற்கு அழகாக இருந்தது. அதை எழுதத்தான் வேண்டும்.

நான் வரப்போரத்து வாழைக்குப் பின்னால் நின்றேன். நான்கு வரிசை முடித்துவிட்டு மக்கை வாய்க்காலில் கழுவினாள். கழுவிய பிறகும் கொஞ்ச நேரம் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று தெரியவில்லை.

டிசம்பர் 6

அம்மாவுக்குத் தெரியாது. அன்று அந்தத் தாளைப் படித்தபோது மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. மிக்ஸிச் சத்தத்தில் காதில் விழுந்திருக்காது. அப்பாவுக்கு உதவலாம் என்று செய்திருக்கிறாள். இரண்டு வருடம் கழித்துத் தோட்டத்தில் இறங்கியிருக்கிறாள். இது நல்ல விஷயம்.

கண்டிப்பாக மிக்ஸி ஓடியது.

டிசம்பர் 11

தாவரவியல் மிஸ்ஸிடம் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். ஜி.ஏ.யில் முக்கியெடுத்த காயைத் தண்ணீரில் கழுவினால் மருந்து போய்விடுமா?

"தோல் வழியா உள்ள போனது போனதுதாம்மா. ஏன், அரையாண்டுக்கு வருமான்னு பாக்குறியா?"

"ஆமா மிஸ்."

"சிலபஸ்ல இல்ல. வர்றதப் படி."

டிசம்பர் 20

இயற்பியல் தேர்வு சுமார். முதல் தடவையாக ஒரு ஐந்து மார்க் கேள்வியை விட்டுவிட்டு வந்தேன்.

நான்கு வரிசையும் பெருக்க ஆரம்பித்துவிட்டன. மற்ற வரிசையில் காய் கொத்தமல்லி விதை மாதிரி நெருக்கமாக இருக்கிறது. இவை சுண்டைக்காயைத் தாண்டிவிட்டன. காம்பும் தடித்து விறைத்து நிற்கிறது. நடந்து போகிற யாருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் அப்பா அந்தப் பக்கம் போகிற மாதிரி தெரிந்தால் எதையாவது கேட்டு நிறுத்துகிறேன். இன்று "பிரான்ஸ்ல இப்ப பனி பெய்யுமாப்பா?" என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

டிசம்பர் 29

அப்பா பார்த்துவிட்டார்.

நான் போனபோது மோட்டார் ரூம் பக்கம் ஒரு கொத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றிருந்தார். காம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"தாரணி, நீ பாத்தத யார்கிட்டயும் சொல்லாத."

"நான் எதையும் பாக்கலப்பா."

"அதான்."

கொஞ்ச தூரம் நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை. "மேடம் வர்றதுக்குள்ள இந்தக் கொத்தை எல்லாம் அறுத்துப் போட்டுட்டா?"

"வேணாம்."

"யாருக்கும் தெரியாதுல்லப்பா?"

"உங்கம்மாவுக்குத் தெரியும்ல," என்றார். "அறுத்துக் கெடக்கிறத வந்து பாக்கும்ல."

ஜனவரி 9

பழுக்க ஆரம்பித்துவிட்டது என்று அப்பா சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை. பன்னீர் என்றால் கறுக்கும். இது பச்சையிலிருந்து பச்சைக்குப் போகிறது. பெரியப்பா ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார். "சாரதா இந்த ஜென்மத்துல பழுக்க மாட்டாப்பா."

ஆனால் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தோல் மெலிந்து, உள்ளே விதை நிழலாகத் தெரிகிறது. தொட்டால் லேசாக அமுங்குகிறது. நாக்கில் பச்சை ஆப்பிள் போலப் புளிக்கிறது. பன்னீர் போல வாசனை எதுவும் இல்லை. ஷார்டனே எந்த மண்ணில் வளர்ந்ததோ, யார் கையில் போனதோ, அதன் ருசியைத்தான் எடுத்துக்கொள்ளுமாம். எனக்கு அது நல்ல குணமா கெட்ட குணமா என்று முடிவுசெய்ய முடியவில்லை.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு தவசி மாமா வந்தார். போடியில் ஒரு பள்ளியில் எனக்கு இடம் கேட்டுவைத்திருக்கிறாராம். "லைப்ரரியே ரெண்டு மாடி இருக்குடி மருமகளே. உனக்கென்ன, ராணி மாதிரி படிக்கலாம்." அறுப்பு முடிந்த மறுநாள் ஜீப் கொண்டுவருவதாகச் சொன்னார். அப்பா வாசலில் உட்கார்ந்து கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டிருக்கும்.

இரண்டு மாடி நூலகம். ஆசையாக இருந்தது. ஆசையாக இருந்ததே என்று பிறகு வாசலுக்குப் போய் அப்பா வெட்டிய கரும்பை அடுக்கினேன்.

ஜனவரி 21

நவநீதா மேடம் வந்தார். எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

தூரத்து வரிசையிலிருந்து ஆரம்பித்தார். காயை நசுக்கி, சாறு ஒரு சொட்டைச் சின்னக் குழாய்க் கருவியில் விட்டு, வெளிச்சத்தில் பார்த்து எண் எழுதினார். இனிப்பு அளவாம். "நல்லா வருதுண்ணே. இன்னும் மூணு வாரம்." மோட்டார் ரூமை நெருங்க நெருங்க அப்பாவின் நடை மெதுவானது.

மேடம் அந்த வரிசையில் நின்றார். கொத்தைத் திருப்பினார். காம்பைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார்.

"அண்ணே, இது என்ன?"

"நான்தாங்க முக்குனேன்," என்றார் அப்பா. "பழைய பழக்கம். கை சும்மா இருக்கல. நாலு வரிசைதான்."

"தெளிவா சொல்லியிருந்தோமே."

"சொன்னீங்க. தப்பு என்மேல."

அம்மா மேடத்துக்கு மோர் கொண்டுவந்திருந்தாள். வரப்பிலேயே சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே சொன்னாள்.

"பொய் சொல்லாதீங்க."

அப்பா திரும்பினார். அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இவரு கையில மக்கு நிக்காதுங்க மேடம். இவரு முக்குனா பாதிக் கொத்து ஒடிஞ்சு விழுந்திருக்கும். ஒடிஞ்சிருக்கா பாருங்க. முக்குனது நான்."

மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அக்கா, தாள் குடுத்தோம். யாரும் படிச்சுச் சொல்லலையா?"

நான் வாயைத் திறந்தேன். மிக்ஸி என்று சொல்லப் போனேன்.

"புள்ள சத்தமாத்தான் படிச்சா," என்றாள் அம்மா. "ரெண்டு தடவ. நல்லாக் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன்?"

அம்மா சொம்பைக் கீழே வைத்தாள். "இத்துனூண்டு காய். எத்தன வருசமா இந்தக் கையி கொத்தத் தொடுது. ஒண்ணு வீணாப்போனதில்ல. கம்பெனிக்காரவுகளுக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். நாலு வரிச பெருத்து நின்னா, அட, நீ இல்லாம முடியல பாருன்னு இவரு வந்து சொல்லுவாருன்னு நெனச்சேன்." நிறுத்தினாள். "இன்னொண்ணும் இருக்கு. இந்த மனுசன் தோக்கணும்னும் இருந்துச்சு. ரெண்டும்தான். எது முன்னாடி வந்துச்சுன்னு கேட்டா எனக்கே தெரியாது."

மேடம் முக்காத வரிசையிலிருந்து ஒரு காயும் முக்கியெடுத்த வரிசையிலிருந்து ஒரு காயும் பறித்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா சின்னதை முதலில் தின்றாள். பிறகு பெரியது. மென்றுகொண்டே கண்ணை மூடினாள்.

"தண்ணி," என்றாள்.

"அதுகூடப் பரவாயில்லக்கா. நீங்க முக்கிப் பழகினது விதையில்லாத ஜாதி. இது விதையுள்ளது. இந்த மருந்து இதுக்கு ஆகாது. அடுத்த வருசக் காய்ப்புக்கான மொட்டு இப்பவே குச்சியோட கண்ணுக்குள்ள உருவாகும். அது உள்ளயே கருகிப்போகலாம். கவாத்து பண்ணா இலை வரும். கொத்து வருமான்னு சொல்ல முடியாது."

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பந்தலைப் பிடுங்கிய அன்று வரப்பில் நின்றாளே, அப்போதுகூட இப்படி மாறவில்லை.

"கொடி மலடாயிருமா?"

"ஆகலாம். ஆகாமலும் போகலாம். பிடுங்கிட்டுப் புதுசு வைக்கிறது நல்லது."

மேடம் அலுவலகத்துக்குப் போன் செய்தார். தள்ளிப் போய் வெகுநேரம் பேசினார். முழுத் தோட்டத்தையும் வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் வந்து, மற்ற வரிசைகளில் பழம் எடுத்துப்போய்ச் சோதித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். இந்த நான்கு வரிசையில் ஒரு காய்கூடக் கலக்கக் கூடாது. மோரைக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு அப்பா ஒரு கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். தொண்டையைச் செருமினார். என்னைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தேன்.

"போதுமணி," என்றார். அம்மாவின் பெயர். "இந்த நாலு வரிசையை என்ன செய்யலாம்? பிடுங்கிரவா, விடவா? நீ சொல்லு."

அம்மா சொம்பை எடுத்தாள். சில அடி நடந்தாள்.

"என்னைக் கேட்டுட்டுப் பிடுங்கணும்னு இப்பத்தான் தோணுச்சா?"

"இப்பத்தான் தோணுச்சு."

"பிடுங்காதீங்க," என்றாள் அம்மா.

ஜனவரி 22

மிக்ஸி பற்றி நான் இனி எழுதப் போவதில்லை.

ஜனவரி 31

மேடத்தின் போன் வரவில்லை. அப்பா போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே குளிக்கப் போய்விட்டார். அம்மா கதவைத் தட்டி, "போன உள்ள கொண்டுபோயிட்டீங்களா? நனைச்சுராதீங்க" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்.

பரணிலிருந்து துணிப்பெட்டியையும் இறக்கிவிட்டாள். என் துணி எல்லாம் மடித்து ஒரு பக்கமாக அடுக்கியிருக்கிறது. அவள் துணி இன்னும் கொடிக்கயிற்றில்தான் தொங்குகிறது.

பிப்ரவரி 2

வந்துவிட்டது! மற்ற வரிசைகள் தேறிவிட்டன. வாங்கிக்கொள்கிறார்கள். அப்பா போனை வைத்துவிட்டு வாய்க்காலில் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

பிப்ரவரி 10

அறுப்பு. வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும், சூடானால் சாறு கெட்டுப்போகும். கருக்கலிலேயே அம்மாவின் குழு வந்துவிட்டது. கூலிக்கு வேறு ஆள் சொல்லியிருந்த அப்பா திகைத்து நின்றார். "என்னத்தப் பாக்குறீங்க? பழப்பெட்டிய எடுத்துப் போடுங்க," என்றாள் அம்மா.

இப்போது எனக்கே தெரிகிறது, சாரதா பழுத்துவிட்டாள். வெயில் பட்ட பக்கம் பழம் தங்க நிறத்தில் தவிட்டுப் புள்ளியோடு இருக்கிறது. விதை பழுப்பாகி, கடித்தால் நொறுங்குகிறது. புளிப்பு போகவில்லை, ஆனால் அதன் பின்னால் இனிப்பு மெதுவாக வருகிறது. தோல் அவ்வளவு மெலிது, விரல் அழுத்தினாலே கிழிந்துவிடும். "முட்டையத் தூக்குற மாதிரி தூக்குங்கடி," என்று அம்மா சத்தம்போட்டுக்கொண்டே இருந்தாள்.

நான்கு வரிசைக்கு அருகில் யாரையும் விடவில்லை. கடைசியில் தானே தனியாக அறுத்து, தனிப் பெட்டியில் போட்டாள். லாரி போன பிறகும் அந்த வரிசையில்தான் இருந்தாள். ஒரு குச்சியை வளைத்து, பிளேடால் ஒரு கண்ணைக் குறுக்கே சீவி, என் லென்ஸை வாங்கிப் பார்த்தாள்.

"என்னம்மா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல." இன்னொன்றைச் சீவினாள். "இப்பத் தெரியாது. கவாத்துக்கு அப்புறந்தான் தெரியும்."

பிப்ரவரி 11

தவசி மாமா சொன்னபடியே ஜீப்போடு வந்தார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். மாமா சாப்பிட்டு முடித்தார். என் பெட்டி வாசலில் இருந்தது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"கிளம்புவமா தங்கச்சி?"

"நான் அந்த நாலு வரிசையப் பாக்கணும்ணே. என் கையால கெட்டது. பூக்குதா இல்லையான்னு நிக்காமப் போக முடியாது."

"அதுக்கு எத்தன நாளு?"

"அக்டோபர்ல கவாத்து. அதுக்கப்புறம் பூ."

"அக்டோபரா! நான் ஸ்கூல்ல சொல்லிவச்சிருக்கேனே? அப்ப அதுக்கப்புறமாச்சும் வருவியா?"

"பூத்தா ஒரு பேச்சு, பூக்காட்டி ஒரு பேச்சு. அப்பப் பாப்பம்."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்க்கவில்லை. கைகழுவத் தண்ணீர் ஊற்றிக்கொடுத்தார்.

அம்மா அந்தத் தனிப் பெட்டியைக் கொண்டுவந்து ஜீப்பில் ஏற்றினாள். மாமா ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். "யாத்தே, எம்புட்டுப் பெருசு! இதையா வேணாம்னுட்டான் கம்பெனிக்காரன்?"

"பெருசுதான்," என்றாள் அம்மா. "வேற ஒண்ணுமில்ல அதுல."

ஜீப் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை நின்றோம். பிறகு அம்மா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.